காடைக்கு வேண்டிய வெளிச்சம்

திருமலைக்கு அலிபிரியில் படியேறத் தொடங்கும் பக்தருக்கு இருபுறமும் காடு கூடவே வருகிறது. மொத்தம் 3,550 படிகள், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். காலிகோபுரம் வரை மூச்சு வாங்கும் ஏற்றம். அதற்குப் பிறகுதான் சுற்றிப் பார்க்கத் தோன்றும். கண்ணுக்கு எட்டியவரை பச்சை தெரிந்தால், காடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மேலே போகிறோம். அரசின் கணக்கும் கிட்டத்தட்ட இதே கண்ணோடுதான் பார்க்கிறது. இந்திய வன அளவைத்துறை செயற்கைக்கோள் படங்களை வைத்து மரத்தலைகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று அளக்கிறது. தரையில் 70 விழுக்காட்டுக்கு மேல் மரநிழல் விழுந்தால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தரம், 10 முதல் 40 வரை திறந்த காடு, அதற்கும் கீழே என்றால் புதர். இந்த ஏணியில் ஒரு படி மேலே போனால் முன்னேற்றம், கீழே வந்தால் சீரழிவு. மேலேயிருந்து பார்க்கும் கணக்கு இது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வாழும் உயிருக்கு இந்த ஏணி தலைகீழாக நிற்கக்கூடும்.

அப்படி ஓர் உயிர் காடை. தமிழ்நாட்டுச் சாலையோரக் கடைகளில் வறுவலாக வருவது பண்ணையில் வளரும் ஜப்பான் காடை. அது வேறு கதை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளிலும் கரம்புகளிலும் வாழும் காடைகள் பலவகை. முட்புதரும் சிறுமரமும் கலந்த இடத்தில் குடும்பம் குடும்பமாகத் திரியும் காட்டுப் புதர்க்காடை. இன்னும் வறண்ட, கல் நிறைந்த திறந்தவெளியை விரும்பும் பாறைப் புதர்க்காடை. மழை விழுந்து புல் எழும்பியதும் நெஞ்சில் கருமை பூசிக்கொண்டு கூவும் மழைக்காடை. அதன் அறிவியல் பெயரிலேயே சோழமண்டலக் கரை இருக்கிறது. இவற்றோடு, பார்க்கக் காடை போலிருந்தாலும் உறவில் மிகவும் தள்ளியிருக்கும் வரிக்குறுங்காடை. இந்தக் கடைசிப் பறவையில் பெண்தான் கூவும், சண்டையிடும். முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிவதும் ஆணின் வேலை.

இவற்றின் தேவை எளிது, ஆனால் கறாரானது. தரை முழுவதும் புல் மூடியிருக்கக் கூடாது. தரை வெறுமையாகவும் கிடக்கக் கூடாது. குத்துக் குத்தாகப் புல், குத்துகளுக்கு நடுவே ஓடுவதற்கு வெறும் மண். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு விரல் நுனி அளவுதான் இருக்கும்; முதல் சில வாரங்கள் அது பூச்சியைத் தின்றுதான் வளர வேண்டும். பூச்சி வேண்டுமென்றால் பூக்கும் சிறுசெடி வேண்டும், சிறுசெடிக்கு வெயில் வேண்டும். பெரிய பறவைகளுக்குப் புல்விதை, அவரைக் குடும்பத்துக் களைச்செடிகளின் விதை. மேலே வல்லூறு வட்டமிட்டால் பாய்ந்து ஒளிய ஆங்காங்கே ஒரு களாப்புதர் அல்லது சூரைமுள். இவ்வளவும் ஒரே பறவை ஒரே நாளில் நடந்து சேரும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மேலே மரக்கிளைகள் கோத்துக்கொண்டு வெயிலை மறித்துவிட்டால் புல் போகும், பூச்சி போகும், பிறகு காடையும் போகும். அப்போதும் செயற்கைக்கோள் படத்தில் காடு இன்னும் நல்ல பச்சையாகத்தான் தெரியும்.

காடையை வைத்துக் காட்டைத் திருத்திய கதை உலகில் ஒன்று உண்டு. நமக்குத் தூரத்து ஊர்தான், இருந்தும் அதை ஒதுக்கிவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியாது. அமெரிக்காவின் தென்கிழக்கில் நீள்இலைப் பைன் காடுகள் ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கர் பரவியிருந்தன. மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி நிற்கும். கீழே முழங்காலளவு புல். மரம்வெட்டும் தொழிலும் விவசாயமும் தின்றதுபோக 1990களில் எஞ்சியது 30 லட்சம் ஏக்கர் அளவுதான். ஜார்ஜியாவின் தாமஸ்வில்லுக்கும் புளோரிடாவின் தலஹாசிக்கும் நடுவே பணக்காரர்கள் வேட்டைக்கென்று வளைத்துப்போட்ட பெருநிலங்களில் பைன் காடு தப்பிப் பிழைத்தது. அங்கே பாப்வைட் காடை குறையத் தொடங்கியதும் நிலச்சொந்தக்காரர்கள் கலங்கினார்கள். அவர்கள் கொடுத்த பணத்தில் 1924இல் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்ற இயற்கையியலாளரிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. நரியையோ கழுகையோ குற்றம் சொல்வார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது வேறு: தீ நின்றுபோனதுதான் குறை.

அந்த வட்டாரத்தில் காலங்காலமாக இடியாலும் மனிதராலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தரைத்தீ ஓடிக்கொண்டிருந்தது. அது புல்லை எரித்துப் புதுப்பித்தது. கருவாலி போன்ற அகன்ற இலை மரங்கள் முளைத்துவந்து நிழல் கட்டாமல் பார்த்துக்கொண்டது. தடித்த பட்டை கொண்ட பைன் அதைத் தாங்கியது. ஆனால் அன்றைய அமெரிக்க வனத்துறைக்குத் தீ என்றாலே பகை. தெற்கு மாநிலங்களின் கிராமம் கிராமமாகப் பிரசார வண்டிகள் போய்க்கொண்டிருந்த காலம். 1931இல் ஸ்டாடர்டின் காடை பற்றிய பெருநூல் வெளிவந்தபோது தீ குறித்த பகுதியை அவர் தணித்துத் தணித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அதன்பின் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1958இல் டால் டிம்பர்ஸ் என்ற ஆய்வு நிலையத்தை நிறுவினார்கள். 1962 முதல் தீயின் சூழலியலுக்கென்றே மாநாடுகள் நடத்தினார்கள். இன்று அந்த மாநிலங்களில் திட்டமிட்டுத் தீயிடுவது சாதாரண வன வேலை. காடைக்காகத் திறக்கப்பட்ட காட்டில் செங்கொண்டை மரங்கொத்தியும் கோபர் ஆமையும் கூடவே இடம்பிடித்தன. வேட்டைக்காரரின் சுயநலத்தில் தொடங்கிய காரியம்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. பாதுகாப்பு வரலாற்றில் நல்லெண்ணம் சாதித்ததைவிடச் சுயநலம் சாதித்தது குறைவில்லை.

பைன் மரத்தை அங்கேயே விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் பைன் நின்ற இடங்களில் அது எதிர்வேலைதான் செய்தது. பழனி மலையின் புல்வெளிகள் நாற்பதாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிப்போயின என்று அரசுமணியும் அவரது குழுவினரும் 2018இல் காட்டினார்கள். அவற்றை விழுங்கியவை சீகை, தைலம், பைன் தோட்டங்களும் விவசாயமும். கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படமெடுக்கும் பைன் சோலையின் கீழே ஒரு புல் இல்லை. ஆக மரத்தின் இனத்தைப் பார்த்து எதுவும் முடிவாகாது. எங்கே எந்த அளவுக்கு வெளிச்சம் தரையில் விழ வேண்டும் என்பதுதான் கேள்வி.

திருமலை அடங்கிய சேஷாசல மலைத்தொடரில் அந்தக் கேள்விக்கு நிலமே பாதி விடை வைத்திருக்கிறது. மலைப்பாதையில் வண்டியில் போகிறவர்கள் கவனிக்காமல் கடக்கும் ஒரு கோடு உண்டு. கீழே மிகப் பழைய கருங்கல், மேலே அதைவிடப் பல கோடி ஆண்டு இளைய குவார்ட்சைட்; நடுவிலுள்ள காலத்துக்குப் பாறையே இல்லை. புவியியல் அளவைத்துறை தேசியச் சின்னமாக அறிவித்திருக்கும் இடம் அது. மேலேயுள்ள அந்தக் குவார்ட்சைட் பாறை உடைந்து கிடைக்கும் மண் மெலிந்தது, கல் நிறைந்தது, நீரைப் பிடித்துவைக்காதது. இந்த மண்ணில்தான் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் நிற்கிறது. பழைய சித்தூர், கடப்பை, நெல்லூர் மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய சில பகுதிகளும்தான் அதன் தாய்வீடு. செம்மரம் வெயில் விரும்பி. நிழலில் அதன் கன்று தேறாது. வெட்டினாலும் எரிந்தாலும் அடித்தூரிலிருந்து துளிர்க்கும். கூடவே நிற்கும் குங்கிலியமும் வேங்கையும் திறந்த காட்டுக்குப் பழகியவையே.

மரங்களைவிடப் பலமான சாட்சி ஒரு குட்டைச்செடி. பெட்டோம் சைகஸ் என்று சொல்லலாம். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்ட் பெட்டோமின் பெயர் தாங்கியது. பூக்காத, பனைபோல் தோன்றும் தொன்மையான செடி. திருப்பதி, கடப்பை மலைகளுக்கு வெளியே கிடையாது. இது வளரும் இடம் அடர்காடு இல்லை. புல் நிறைந்த, வெயில் காயும் திறந்த சரிவுகள். தரைத்தீயில் ஓலை கருகினாலும் தண்டின் உச்சியிலிருந்து மறுபடி இலை விடும். இந்தச் செடி இங்கே தனி இனமாக உருவாகத் தேவைப்பட்ட காலத்தை நினைத்துப் பார்த்தால், புல்லும் வெயிலும் இந்த மலைக்கு நேற்று மரம்வெட்டிகளால் வந்தவை என்று சொல்ல முடியாது. நாற்கொம்பு மானும் அதே பக்கம்தான் சாட்சி சொல்கிறது. உயரமான புல்லில் குட்டியை ஒளித்துவைத்து வாழும் விலங்கு அது.

பெங்களூருவைச் சேர்ந்த சூழலியலாளர்கள் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலியோர் 2011இலும் 2016இலும் எழுதிய கட்டுரைகளில் இதையே பெரிய அளவில் வாதிட்டார்கள். நாம் வறண்ட இலையுதிர்காடு என்று பட்டியலிட்டுவைத்திருக்கும் நிலங்களில் பெரும்பகுதி உண்மையில் மரங்கள் விரவிய புல்நிலம், அதாவது சவானா. அவை மிகப் பழையவை. சிதைந்த காடு என்று அவற்றைக் கருதி மரம் நட்டுத் திருத்தப் போவது அவற்றை அழிப்பது என்பது சாரம். தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. முல்லைத் திணையைக் காடு என்று படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் காட்டில் ஆயர் மாடு மேய்க்கிறார்கள், வரகு விளைகிறது, இரலைமான் துள்ளுகிறது, முயலும் காட்டுக்கோழியும் திரிகின்றன. மரநிழல் மூடிய இடத்தில் இவற்றில் பெரும்பாலானவை நடக்காது. திருமலையாகிய வேங்கடமோ தமிழ் கூறும் நல்லுலகத்தின் வடவெல்லை. சங்கப் பாடல்கள் அதைப் புல்லி என்ற தலைவனோடும் யானைகளோடும் சேர்த்துச் சொல்கின்றன. பழம்பாடலைச் சூழலியல் ஆதாரமாக முழுதாக நம்பக் கூடாது என்பது சரிதான். ஆனாலும் திறந்த காட்டையும் காடு என்றே மதித்த ஒரு பழக்கம் நம்மிடம் இருந்தது. ஆங்கிலேயர் கால வனச்சட்டம் வந்தபோது அது அலுவலகத்துக்குள் நுழையவில்லை.

1882இன் மதராஸ் வனச்சட்டம் காட்டைக் காப்புக்காடாக்கியது. தீயிடுவது குற்றமானது. மரம் வருமானம், புல்லும் மேய்ச்சலும் தொல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சரணாலயத்தில் தீமூட்டுவதைத் தடுக்கிறது. அந்தத் தடைக்கு நியாயம் உண்டு. கோடைக்காலத்தில் யாரோ அணைக்காமல் எறியும் பீடித் துண்டு என்ன செய்யும் என்பதைத் திருமலை பார்த்திருக்கிறது. 2014 மார்ச்சில் மலையில் பரவிய தீயை அடக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் சுமந்து வர வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தீ அவ்வளவு பெரிதாக வளர்ந்தது ஏன் என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும். பல ஆண்டுகள் எரியாத காட்டில் சருகும் காய்ந்த புல்லும் குச்சியும் சேர்ந்துகொண்டே போகின்றன. உண்ணிச்செடி அடியிலிருந்து மரக்கிளை வரை ஏணி போட்டுக் கொடுக்கிறது. குளிர்காலத்துச் சிறு தீ தரையோடு ஊர்ந்து போயிருக்கும் இடத்தில் மார்ச் மாதத்துப் பெருந்தீ மரத்தலைவரை ஏறுகிறது.

இதற்கு அருகிலுள்ள ஆதாரம் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலிருந்து வருகிறது. அங்கே சோளிகர் பழங்குடியினர் குளிர்கால முடிவில் தரைக்குத் தீ வைத்துவந்தார்கள். 1970களில் சரணாலயமானதும் அது நின்றது. பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் 1997க்கும் 2008க்கும் இடையே அதே இடங்களை மறுபடி அளந்தபோது, உண்ணிச்செடி காணப்பட்ட அளவைக் கட்டங்கள் 41 விழுக்காட்டிலிருந்து 81 விழுக்காடாகியிருந்தன. அடர்த்தி நான்கு மடங்கு. தீ நின்றதுதான் காரணம் என்று சோளிகப் பெரியவர்கள் சொன்னதை அதே ஆய்வாளர்கள் 2012இல் கட்டுரையாகப் பதிவுசெய்தார்கள். இன்று உண்ணிச்செடி மண்டிய பிறகு தீ வைத்தால் பழைய பயன் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. தூர் கிடக்கும்வரை எரித்தாலும் அது மறுபடி தழைக்கும். மருந்தை நிறுத்தி நோய் முற்றியபின் அதே மருந்தை அதே அளவில் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சேஷாசலத்தில் உண்ணிச்செடியோடு இன்னொன்றும் சேர்ந்தது. மொட்டையாகத் தெரிந்த மலையைச் சீக்கிரம் பச்சையாக்கும் அவசரத்தில் திருமலையைச் சுற்றி ஆஸ்திரேலிய அகேசியா நடப்பட்டது. வேகமாக வளரும், ஆடுமாடு கடிக்காது, ஆண்டு முழுதும் பச்சை. அதன் இலைபோன்ற காம்புகள் தரையில் தடித்த மெத்தையாகக் கொட்டி எளிதில் மக்காமல் கிடக்கின்றன. அந்த மெத்தைக்குக் கீழே புல்விதை முளைப்பது அரிது. காடைக்குஞ்சு அதன்மேல் ஓடவும் முடியாது, கிளறவும் முடியாது. இந்த மரங்களைக் கட்டங்கட்டமாக அகற்றி உள்நாட்டு மரங்களை வளர்ப்பதென்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் சில ஆண்டுகளுக்கு முன் முடிவெடுத்தது. நல்ல முடிவு. என் கவலை அதன் இரண்டாம் பாதியைப் பற்றியது. அகேசியாவுக்குப் பதில் வேம்பும் புங்கமும் நாவலும் அதே நெருக்கத்தில் நடப்பட்டால் மரத்தின் ஊர் மாறும், தரை மாறாது.

எவ்வளவு நெருக்கம் சரி? இதற்கு எண்ணாகவே விடை தந்த ஆய்வு அலிபிரிக்கு வடக்கே, கடப்பை மாவட்டத்தில் நடந்திருக்கிறது. தெலுங்கில் கலிவி கோடி என்று சொல்லப்படும் ஜெர்டான் பறவையின் கதை அது. படைமருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டான் 1848 வாக்கில் கண்டறிந்த இந்த இரவாடிப் பறவை, 1900க்குப் பிறகு கண்ணில் படாமல், அழிந்ததாகக் கருதப்பட்டது. 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாரத் பூஷண், உள்ளூர்க்காரர் ஒருவரின் உதவியோடு சித்தவட்டம் பக்கத்தில் அதை மீண்டும் கண்டார். அந்த இடத்தைச் சுற்றி லங்கமல்லேஸ்வரா சரணாலயம் உருவானது. ஆனால் ராத்திரியில் மட்டும் நடமாடும், எண்ணிக்கையில் மிகக்குறைந்த பறவை எங்கே வாழ்கிறது என்று எப்படிக் கணக்கெடுப்பது? ப. ஜெகநாதனும் உடன் ஆய்ந்தவர்களும் புதர்க்காட்டில் நன்றாகச் சலித்த மண்ணைப் பட்டை பட்டையாகப் பரப்பினார்கள். காலையில் அதில் பதிந்த காலடியைப் படித்தார்கள்.

கிடைத்த விடை கவனிக்கத்தக்கது. இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த பெரும்புதர்கள் ஹெக்டேருக்கு 300 முதல் 700 வரை இருந்து, அதைவிடக் குட்டையான புதர்கள் ஆயிரத்துக்குள் இருந்த இடங்களில்தான் அந்தக் காலடி அதிகம் விழுந்தது. புதர் மிகக் குறைந்தாலும் ஆகாது, மண்டினாலும் ஆகாது. அந்த நடுநிலையைக் காத்துவந்தது அரசாங்க வேலி இல்லை; சுற்றுக் கிராமத்து ஆடுமாடும் விறகுவெட்டும்தான். அவை மிதமிஞ்சினால் நிலம் வெளுத்துவிடும், முற்றிலும் நின்றால் புதர் மூடிக்கொள்ளும். பிறகு தெலுங்கு கங்கைக் கால்வாயின் தடம் இந்த வாழிடத்தை அறுத்துக்கொண்டு போகவிருந்தபோது, இதே ஆய்வுகளின் வலுவில் அது மாற்றப்பட்டது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் திட்டத்தின் கால்வாய் அது. நம் வீட்டுக் குழாய்க்கும் அந்தப் பறவைக்கும் இருக்கும் தொடர்பு இவ்வளவு நேரடியானது.

மறுசீரமைப்பு என்ற பேரில் இந்த வட்டாரத்தில் நடந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளி தன்னைச் சுற்றியிருந்த மொட்டைக் குன்றுகளில் வெட்டையும் மேய்ச்சலையும் நிறுத்தி, மழைநீரைத் தடுத்து, பள்ளத்தாக்கை மீட்டது. 1991இல் அது பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எஸ். ரங்கஸ்வாமியும் எஸ். ஸ்ரீதரும் 1993இல் வெளியிட்ட நூலில் பறவைப் பட்டியலும் வாழிடப் புதுப்பிப்பும் கைகோத்து வருகின்றன. பாறைச்சரிவுகளை நம்பி வாழும் அரிய மஞ்சள்தொண்டைச் சின்னான் அங்கே உண்டு. அந்த முயற்சியின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் மரம் திரும்பியதையே வெற்றியின் அடையாளமாகக் கொண்ட காலத்தின் முயற்சி அது.

பழைய அனந்தபூர் மாவட்டத்தின் கல்பவல்லி வேறு மாதிரி. 1990இல் தொடங்கிய திம்பக்டு கூட்டுக்குழு, சென்னேகொத்தபள்ளி பக்கத்துக் கிராமங்களோடு சேர்ந்து, வருவாய்த்துறை தரிசு என்று எழுதிவைத்திருந்த ஏழாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பாதுகாத்தது. நட்டது கொஞ்சம், காத்தது அதிகம். கிராமத்தார் தீத்தடுப்புக் கோடு வெட்டினார்கள், காவல் போட்டார்கள். வேரிலும் விதையிலும் உறங்கிக் கிடந்தது தானே எழுந்தது. கூரைக்குப் புல், விளக்குமாற்றுக்கு ஈச்சை, ஆட்டுக்கு மேய்ச்சல். பின்னாலேயே ஓநாயும் வெளிமானும் வந்தன. பிறகு காற்றாலைகளும் வந்தன. குன்றுகளின் முதுகில் சாலை வெட்டப்பட்டது. பதிவேட்டில் அது தரிசுதானே, மரம் எங்கே என்பதே நிலத்தைக் கொடுத்தவர்களின் வாதம். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. புல்நிலத்தை மீட்டெடுப்பதைவிட, மீட்டெடுத்ததை நிலம் என்று ஒப்புக்கொள்ள வைப்பது கடினம் என்பதற்குக் கல்பவல்லியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

திருப்பதிக்குத் திரும்பினால், இங்கே காட்டின் விலையைச் செம்மரமே முடிவு செய்கிறது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, கடத்தல் நின்றபாடில்லை. ஜவ்வாதுமலையிலிருந்தும் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் பட்ட பாட்டைத் தமிழ்நாடு அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். காட்டுக்குள் வனத்துறையின் ஆளும் பணமும் பெரும்பாலும் இந்தக் காவலுக்கே போகின்றன. புல்லையும் காடையையும் கவனிக்க ஆள் ஏது என்று ஒரு வனக்காப்பாளர் கேட்டால் மறுப்பது கடினம். ஆனால் தரையில் வெயில் விழாவிட்டால் அடுத்த தலைமுறைச் செம்மரக்கன்றும் எழாது. துப்பாக்கியோடு காக்கப்படும் மரத்துக்குக் கீழே அதன் பிள்ளை இல்லையென்றால் அந்தக் காவலுக்கு ஒரு தலைமுறை ஆயுள்தான்.

சேஷாசலத்தில் வேலையை எங்கே தொடங்கலாம்? ஏறத்தாழ 4,756 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் இது, 2010இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் 353 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. முழுவதற்கும் ஒரே மருந்து என்று யாரும் சொல்லக் கூடாது. ஈரம் கசியும் பாறை இடுக்குகளில் தங்கப் பல்லி வாழ்கிறது. ஓடையோரப் பசுங்காட்டில் தேவாங்கு மரம்விட்டு மரம் தாவ முடியாமல் கிளைவழியே ஊர்கிறது. இந்த இடங்களில் தீ நுழையவே கூடாது. காடைக்கு நல்லது தேவாங்குக்குக் கேடு. திறந்த சரிவுகளும் ஆண்டுதோறும் எரிந்தால் தப்பு. எலுமிச்சை மணக்கும் ஒரே வகைப் புல் மட்டும் தங்கி, மற்றப் புல்லும் மரக்கன்றும் ஒழிந்துவிடும். சேஷாசலத்துச் சரிவுகள் சிலவற்றில் இதுவும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு பக்கம் எரியாமல் மண்டிய காடு, இன்னொரு பக்கம் அடிக்கடி எரிந்து மெலிந்த காடு.

என் தேர்வு அகேசியா நிற்கும் துண்டுகள்தான். எப்படியும் வெட்டப் போகிறார்கள். ஒரேயடியாக மொட்டையடிக்காமல், சில ஏக்கர் துண்டுகளாக, நடுவே நிற்பதை விட்டுவிட்டு வெட்டலாம். மண்ணரிப்பு உள்ள சரிவில் கிளைகளை உயரக்கோட்டின்படி அடுக்கினால் மழை மண்ணைக் கொண்டுபோகாது. உண்ணிச்செடிக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபுவும் அவரது குழுவினரும் கார்பெட் காட்டில் செய்துகாட்டிய முறை இருக்கிறது: தண்டை வெட்டாமல், தரைக்குச் சற்றுக் கீழே வேரின் தலையை அறுத்துத் தலைகீழாகப் புரட்டிப்போட்டுக் காயவிடுவது. அதோடு நிற்காமல் உடனே உள்ளூர்ப் புல்விதையைத் தூவ வேண்டும். காலியிடத்தை விட்டால் அதே செடி விதையிலிருந்து திரும்ப வரும். மரம் நடுவது கடைசி வேலை. ஹெக்டேருக்கு ஆயிரக்கணக்கில் குழி வெட்டும் வழக்கமான தோட்ட அளவு இங்கே ஒத்துவராது. செம்மரம் தூரிலிருந்தே துளிர்க்கும் இடங்களில் ஒரு கன்றும் நட வேண்டியதில்லை.

தீயை எங்கே வைக்கலாம் என்பதில் எனக்கு அவசரமில்லை. பல்லாயிரம் பேர் வெறுங்காலோடு ஏறும் படிப்பாதைக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. அங்கே புல்லை அறுத்துத்தான் ஆக வேண்டும். 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் சிறுத்தை ஒரு குழந்தையைக் கொன்றது; அதன்பின் சிறுவர்கள் ஏறும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, பக்தர்கள் கையில் தடி கொடுக்கப்பட்டது. பாதையோரப் புதரை அகற்றும் பேச்சும் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், பாதுகாப்புக்காகப் பாதையோரத்தைத் திறந்துவைப்பதும் காடைக்காகத் திறப்பதும் இங்கே ஒரே வேலை. குப்பையும் எச்சில் உணவும் நாயையும் பன்றியையும் இழுக்கின்றன, அவை சிறுத்தையை இழுக்கின்றன என்பது தனிச் சிக்கல். அதைப் புல்வெட்டித் தீர்க்க முடியாது.

உட்காட்டில் மட்டும், பனி ஈரம் தரையில் இருக்கும் டிசம்பர், ஜனவரியில், தீத்தடுப்புக் கோடு வெட்டும் அதே ஆட்களை வைத்து, துண்டு துண்டாக, ஒரே துண்டுக்கு மூன்று நான்கு ஆண்டு இடைவெளி விட்டு எரித்துப் பார்க்கலாம். அந்தக் கோடுகளை இப்போதும் எரித்துத்தான் சுத்தம் செய்கிறார்கள். வனத்துறைக்குத் தீ கையாளத் தெரியாது என்பது உண்மையில்லை. எந்த மாதத்தில் எந்தப் புல் எப்படி எரியும் என்ற அறிவு மலையடிவாரத்து யானாதிப் பழங்குடியினரிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் இருக்கிறது. காடை, கவுதாரி, உடும்பு என்று ஒவ்வொன்றின் தடத்தையும் படிக்கத் தெரிந்தவர்கள் யானாதிகள். சித்தவட்டத்தில் ஆய்வாளருக்குப் பறவையைக் காட்டியதும் அப்படியொரு காட்டறிவுதான். அவர்களைத் தினக்கூலியாக மட்டும் சேர்க்காமல் கணக்கெடுப்பவர்களாகவே சேர்க்க வேண்டும்.

கணக்கெடுப்புக்குப் பெரிய செலவில்லை. விடியலில் காடைக்கூட்டம் ஒன்றையொன்று கூப்பிடும் ஒலியைக் குறித்த இடங்களில் நின்று எண்ணலாம். கடப்பையில் செய்ததுபோல மண்பட்டை விரித்துக் காலடி பார்க்கலாம். அகேசியா நிற்கும் துண்டு, வெட்டிப் புல் விதைத்த துண்டு, வெட்டி நெருக்கமாக மரம் நட்ட துண்டு என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தாறு மழைக்காலம் எண்ணினால் போதும். மூன்றாவது துண்டைச் சோதனைக்கென்று தனியாக உருவாக்க வேண்டியதில்லை. நடுகை வேலை இப்போது போகிற போக்கில் அது தானாகவே கிடைத்துவிடும்.